இலவச நூலக மென்பொருள்: விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"சுமார் 4,000 நூல்கள் உள்ள எங்கள் நூலகத்துக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கும் மென்பொருள் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். "பணம் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகக் குழு உங்களிடம் சொல்லியிருக்கும். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கோஹா என்ற திறந்த மூல நூலக மென்பொருளைப் போடுங்கள். ஆனால் காசு மிச்சம் என்பதற்காகப் போடாதீர்கள்.

நான் பொறுப்பேற்ற நூலகத்தில், எனக்கு முன்பே ஒரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனார்கள். வேறொன்றுக்கு மாறலாம் என்று எங்கள் நூற்பட்டியலைக் கேட்டால், நூலக மென்பொருள்கள் தங்களுக்குள் நூல் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான மார்க் வடிவில் தர வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பலமுறை கேட்டு வாங்கியது ஓர் எக்செல் கோப்பு. திரையில் அழகிய தமிழாகத் தெரிந்த தலைப்புகள் எல்லாம் அதில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாகக் கிடந்தன. எல்லாமே யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. எங்கள் நூல்களைப் பற்றி எங்கள் ஊழியர்களே எழுதி வைத்த விவரத்தை எங்களால் படிக்க முடியவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தோம். அது தடுமாறிய இடங்களில், அலமாரியிலிருந்து நூலை எடுத்துவந்து தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தினோம். பிறகு மார்க்எடிட் என்ற இலவசக் கருவியின் உதவியோடு ஒவ்வொரு விவரத்தையும் மார்க் 21 புலங்களில் பொருத்தினோம்: ஆசிரியர் 100இல், தலைப்பு 245இல், பார்கோடு கோஹாவுக்கே உரிய 952இல். அதன் பின்னர்தான் கோஹாவுக்குள் ஏற்ற முடிந்தது.

கோஹா பிறந்த கதையும் இதற்கு நெருக்கமானதுதான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலை வந்தபோது, தங்களுக்கென்று புதிதாக எழுதச் செய்து, அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

"கோஹாவுக்குச் செலவே இல்லையா?" என்று கேட்கச் சிலர் வருவார்கள். உண்டு, நான் மறுக்கவில்லை. சர்வர் வேண்டும், லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும், அன்றாடம் காப்புநகல் எடுக்க வேண்டும். ஆனால் பராமரிப்பவரைப் பிடிக்கவில்லை என்றால், தரவை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடலாம். விலை கொடுத்து வாங்கியதில் எங்களுக்கு இல்லாமல் போனது அந்த உரிமைதான். எனவே எந்த மென்பொருளானாலும், முதலில் சில தமிழ் நூல்களை ஏற்றி, மார்க் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

கோஹாவை நிறுவுபவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். ஸீப்ரா தேடுபொறியைப் பயன்படுத்தினால், அதைப் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்த் தேடல் ஒழுங்காக வேலை செய்யாது. ஆங்கில நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்து, பிற நூலகங்களின் பட்டியலில் தேடிப் பதிவுகளை எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவை இழுத்துக்கொள்ளலாம். தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு நாமே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு டிஸ்பேஸ் என்ற மின்னூல் களஞ்சிய மென்பொருள் தனியாக இருக்கிறது. கோஹாவோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கணினி வந்துவிட்டால் நூலகருக்கு என்ன வேலை என்று நினைக்கிறார்கள். மென்பொருளை நிறுவியவருக்கு விழாவில் பாராட்டு. ஒவ்வொரு நூலையும் புரட்டிப் பொருள் அறிந்து பகுப்பெண் கொடுத்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவருக்கு அடுத்த வாரமே தேர்தல் பணியோ, கணக்கு எழுதும் பணியோ கொடுத்துவிடுகிறார்கள். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம், பட்டியலாக்கம் செய்பவரின் உழைப்பு இலவசம் அல்ல. அந்தப் பணி முடியும்வரை உங்களுக்கு வேறு வேலை கிடையாது என்று குழுவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.