வண்டிக்கென்று வெளிக்கடையில் வாங்கிப் போட்ட பொருளுக்கு ரீகால் (குறைபாடு என்று கம்பெனியே திரும்ப அழைப்பது) வந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியவே தெரியாது. வண்டிக்கே ரீகால் வந்தால் கம்பெனியிடம் சேசிஸ் நம்பர் இருக்கிறது, பதிவில் உங்கள் முகவரி இருக்கிறது, தகவல் வந்துவிடும். தனியாக வாங்கிப் போட்ட மேட், சீட் கவர், ரூஃப் ரேக், ஹெட்லைட் பல்பு எல்லாம் எந்த வண்டியில் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று தயாரித்தவருக்கே தெரியாது. சேசிஸ் நம்பரைப் போட்டுத் தேடினாலும் இவை வராது. "ரீகால் எதுவும் இல்லை" என்று வருவதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அது வண்டியைப் பற்றி மட்டும்தான்.

எனக்கு இதில் அக்கறை வந்தது ஒரு ரப்பர் மேட்டால். பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போட்டிருந்தேன். ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை. மேட்டின் விளிம்பு பெடலின் கீழ் நுனியைக் கவ்வியிருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டினேன். (விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டர் முழுக்க மாட்டிக்கொண்ட பெட்ரோல் எஞ்சினில், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வாக்குவம் (உறிஞ்சும் விசை) கிடைக்காது. இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் கல்லாகிவிடும்.) அப்புறம் மேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மேட் நகராமல் பிடிக்கும் கொக்கிக்கான துளை, என் வண்டியின் கொக்கியை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது. பின்பக்கம் பேட்ச் நம்பரும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே நடந்ததும் இதேதான். லெக்சஸ் இஎஸ் 350 காரில் வேறொரு மாடலுக்கான மேட்டைப் போட்டிருந்தார்கள். அது பெடலைப் பிடித்துக்கொண்டதில் காரில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். அதன்பின் டொயோட்டா அங்கே சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. மேட்டைக் கழற்றச் சொன்னதோடு, பெடலின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் இப்படித் தனியாக வாங்கிப் போடும் பொருட்களுக்கும் ரீகால் உண்டு. தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோதான் பொறுப்பு. பாதுகாப்புக் குறைபாடு என்று முடிவான 5 வேலை நாட்களுக்குள், அங்கே சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்குச் சொல்ல வேண்டும். இலவசமாகச் சரிசெய்தோ, மாற்றியோ, பணத்தைத் திருப்பியோ தர வேண்டும். ஆனால் பெயரில்லாத பொருளுக்கு யாரைப் பிடிப்பது? 2024 தொடக்கத்தில் அதே அமைப்பு, ஸ்டீயரிங்கின் நடுவே லோகோ மேல் ஒட்டும் கல் பதித்த அலங்காரத் தகடுகள் ஆபத்து என்று எச்சரித்தது. ஒரு விபத்தில் ஏர்பேக் விரிந்தபோது அப்படியொரு தகடு தெறித்து, ஓட்டியவரின் ஒரு கண் பார்வை போயிருந்தது. ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருந்தால், அது விரியும்போது பிரிந்துகொடுக்கும் தையல் இல்லாத சீட் கவரும் வேண்டாம்.

சரி, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வாங்கியதும் பொருளின் லேபிள், மாடல், பேட்ச் நம்பர், பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுகிறேன். லேபிளே இல்லாவிட்டால் வாங்குவதில்லை. தயாரிப்பாளர் தளத்தில் பதிவு செய்ய வழியிருந்தால் அன்றே செய்துவிடுகிறேன். குழந்தை சீட்டோடு வரும் பதிவு அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், ரீகால் தகவல் உங்களைத் தேடி வர அதுதான் வழி. சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தப் பொருளின் பெயரையும் மாடலையும் போட்டுத் தேடுகிறேன். ரீகால் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், ஆனால் வீசிவிடாதீர்கள். மாற்றிக்கொடுக்க லேபிளையோ பொருளையோ கேட்பார்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளர் தனியாக எதையெல்லாம் மாட்டினார் என்று கேளுங்கள். முதல் வேலையாக ஓட்டுநர் பக்கத்து மேட்டைத் தூக்கி, அடியில் இன்னொரு மேட் இருக்கிறதா, கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.