புது ரோஜா இலை உதிர்க்கிறது: உரம் போடலாமா?

வேண்டாம். உரம் இப்போது போடாதீர்கள், தினமும் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். பூத்துக் குலுங்கிய செடி, தொட்டி மாற்றிய 10 நாளில் மஞ்சளாகி உதிர்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை.

நர்சரிப் பையில் வேரைச் சுற்றிப் பல சமயம் களிமண் உருண்டைதான் இருக்கும். நீங்கள் தொட்டியில் நிரப்பியதோ பொலபொலப்பான கலவை. மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே உருண்டை மட்டும் சொதசொதவென்று கிடக்கும். மேலே பார்த்துப் பார்த்தே ஊற்றிக்கொண்டிருப்போம். நானும் இப்படி இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறேன்.

தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை 2 அங்குலம் செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். அப்புறம் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பூ, மொட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள், மனசு வராதுதான். புதுத் துளிர் வந்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்று: இலையில் கரும்புள்ளிகள் இருந்தால் கதை வேறு, அது பூஞ்சை. அந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், இலை நனையாமல் வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

அடுத்த முறை பூ நிறைந்த செடியை விட்டுவிட்டு, துளிர் நிறைந்ததாகப் பார்த்து எடுங்கள்.