மெல்பர்ன்ல வாக்கிங் பஸ்ஸுக்கு ஆள் புடிக்கிற கதை

"டார்னீட்டுக்கு வந்து மூணு மாசம்தான் ஆச்சு, பையனோட ஸ்கூல்ல வாக்கிங் பஸ்ஸுக்கு வாலண்டியர் கேக்கறாங்க, புதுசா வந்த எனக்கு இது தேவையா"ன்னு கேட்டிருந்தீங்க தம்பி.

சேருங்க. நான் வந்து 14 வருஷம் ஆச்சு, முதல் ரெண்டு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் பேரு கூட தெரியாது, இந்த நடை ஆரம்பிச்சப்புறம்தான் தெருவுல நாலு பேர் நின்னு பேசுறாங்க.

பஸ்ஸுன்னு பேருதான். முன்னாடி ஒரு பெரியவர், கடைசில ஒருத்தர், நடுவுல பசங்க, சொன்ன நேரத்துக்கு சொன்ன முனைல நின்னு பசங்களைச் சேத்துக்கிட்டு ஸ்கூல் வரைக்கும் நடந்தே போறது, அவ்ளோதான். 90கள்ல இந்த ஐடியாவைக் கிளப்பிவிட்டவரே நம்ம பிரிஸ்பேன்காரர்தான், டேவிட் எங்விக்ட்.

ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக் (பசங்களோட பழகறவங்க பின்னணியை அரசாங்கம் சரிபாக்கறது) எடுத்துடுங்க, நம்ம விக்டோரியா மாநிலத்துல வாலண்டியருக்கு காசு கிடையாது, 5 வருஷம் ஓடும். சொந்தப் பிள்ளை போற குரூப்னா பெத்தவங்களுக்கு சட்டப்படி விலக்கு உண்டு, ஆனாலும் ஸ்கூல்ல கேப்பாங்க. நடக்காம சைக்கிள்ல போறதுன்னா 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்க பிளாட்பாரத்துலயே ஓட்டலாம், கூடப் போற பெரியவங்களும் ஓட்டலாம், ஹெல்மெட் மட்டும் எல்லாருக்கும் கட்டாயம், 1990லேர்ந்தே சட்டம்.

சேந்த கையோட உங்களையும் ஆள் புடிக்கச் சொல்வாங்க பாருங்க, அங்கதான் கஷ்டம். எங்க ஸ்கூல் நியூஸ்லெட்டர்ல ரெண்டு தடவை போட்டாங்க, ஒருத்தரும் வரல. அப்புறம் நானே காலைல ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னு, வாலண்டியர்ங்கற வார்த்தையே எடுக்காம, "வியாழக்கிழமை மட்டும் வர முடியுமா, 20 நிமிஷம்தான்"னு ஒவ்வொருத்தரா கேட்டேன், ரெண்டு வாரத்துல ஆறு பேர். அதுல நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஒரு நர்ஸம்மா, வீட்லேர்ந்தே வேலை பாக்கற ரெண்டு ஐடி பசங்க, அப்புறம் ஒரு பஞ்சாபி தாத்தா. அவர் எப்படியும் பேரனைக் கூட்டிக்கிட்டு தினம் நடக்கறவர், அவருக்கு இங்கிலீஷ் வராது எனக்கு பஞ்சாபி வராது, இன்னும் நாலு பசங்களை சேத்துக்கறீங்களான்னு சைகைலயே கேட்டேன், ஜூலை மாச மழைல கூட லீவு போடாத ஒரே ஆள் அவர்தான் (நான் போட்டிருக்கேன்).

எல்லா நாளும் வாங்கன்னு கேட்டுடாதீங்க, தலைய ஆட்டிட்டு மறுவாரம் கண்ணுலயே படமாட்டாங்க.

இன்னொண்ணு, செப்டம்பர்ல மேக்பைங்கற பறவை கூடு கட்டி குஞ்சு வெச்சிருக்கும், கிட்ட போனா தலைல கொத்த வரும். எந்த மரம்னு பசங்களுக்கே தெரியும், அவங்க சொல்ற பக்கம் மாறி நடந்துடுங்க.