தங்கை தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேரப் போகிறாள். அங்கே ஊழியர் பாதுகாப்பை ஒழுங்காகக் கவனிப்பார்களா?

முதலில் தங்கச்சி ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாச்சா என்று கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. பலர் இரண்டோடு விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன்.

வேலைக்கு வந்து மூன்றாவது வருடம், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. நைட் டியூட்டி, 32 பேஷன்ட்டுக்கு நாங்கள் இரண்டு பேர். ரத்தம் எடுத்த டாக்டர் ஊசியைக் கிட்னி டிரேயில் (சிறுநீரக வடிவச் சின்னத் தட்டு) பஞ்சுக்கு அடியில் விட்டுப் போயிருந்தார். டிரேயைத் தூக்கினேன், ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கிளவுஸ் போட்டுத்தான் இருந்தேன். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு நைட் சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"பார்த்து எடுக்க மாட்டியாம்மா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "செவிலியரின் கவனக்குறைவு" என்று அவரே எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஊசியை அங்கே போட்டது யார் என்று எழுத அதில் இடமே இல்லை. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா இரண்டு நாளாக நிரம்பிக் கிடந்ததும் அதில் வரவில்லை.

அந்த பேஷன்ட்டுக்கு எச்ஐவி இல்லை, ஆனால் ஹெபடைடிஸ் பி இருந்தது. இப்படிக் குத்தினால் எச்ஐவி தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பு சக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை போகும். 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) ஊசி போட்டார்கள், அந்தப் பணத்தை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். சாப்பாட்டில் பரவாது என்று படித்தவள்தான் நான். ஆனாலும் ஆறாம் மாதம் நெகட்டிவ் என்று வரும்வரை என் குழந்தைக்கு ஊட்டிவிடவே கை வரவில்லை.

எல்லா இடமும் அப்படியில்லை என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். இப்போது நான் இருக்கும் இடத்தில் குத்துப்பட்டால் உடனே கேஷுவாலிட்டியில் பார்க்கிறார்கள், செலவும் அவர்களுடையதே. அந்த டாக்டர் மேலும் எனக்குக் கோபமில்லை, அவரும் முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவர். ஆனால் பழி நர்ஸ் தலையில் மட்டும் விழுந்தால் அடுத்தவள் வாயைத் திறப்பாளா? எனக்குப் பிறகு அதே வார்டில் இரண்டு பேருக்குக் குத்தியது. கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். தரச்சான்று ஆய்வுக்கு வந்தவர்கள் ரெஜிஸ்டரைப் பார்த்து, வருடத்துக்கு ஒரே சம்பவம்தானா என்று பாராட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுவிடுவது மருத்துவமனையின் கடமை. வருடம் ஒருமுறை உடல் பரிசோதனையும் உண்டு. சேரும்போதே தங்கச்சி கேட்கட்டும், கூச்சம் வேண்டாம்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி என்னுடையதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நடந்தும் என்னால் உடனே கிளம்ப முடியாததற்கு அதுதான் காரணம். வேலையை விட்ட பிறகும் அதைத் திரும்ப வாங்க அப்பா நான்கு மாதம் பஸ் ஏறி வந்து அந்த எச்ஆர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.