கண்ணுக்குக் கீழ், கன்னம், உதடு ஆகிய மூன்றுக்கும் ஒரே ஃபில்லரை (தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் நிரப்பு ஜெல்லை) போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இதை நான் என் முகத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். 44 வயதில் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த பள்ளத்தை நிரப்பிக்கொள்ளச் சென்றபோது, கன்னத்துக்கு உரிய கெட்டியான ஜெல்லையே அங்கும் மேலோட்டமாகச் செலுத்திவிட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால், அந்த இடம் நீலம் பாய்ந்து கிடந்தது. அதுவரை "தூங்கவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அலுவலகத் தோழிகள், "எங்கே இடித்துக்கொண்டாய்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

உடலில் மிக மெல்லிய தோல் கண்ணிமையைச் சுற்றித்தான் இருக்கிறது. அதன் அடியில் ஜெல் மேலாகத் தங்கிவிட்டால், ஒளி சிதறி நீலமாகத் தெரியும். இதை டிண்டால் விளைவு என்பார்கள். போதாக்குறைக்கு, இந்த ஜெல்லில் உள்ள ஹையலூரானிக் அமிலம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், காலையில் எழுந்தால் அங்கே பை போலத் தொங்கும். எனவே இந்த இடத்துக்கு நீரை அதிகம் உறிஞ்சாத, மிருதுவான ஜெல்லை, மிகக் குறைந்த அளவில், எலும்பை ஒட்டி ஆழமாகச் செலுத்துவதே வழக்கம்.

நான் அடுத்து பார்த்த தோல் மருத்துவர், ஹையலூரானிடேஸ் என்னும் நொதியை ஊசி மூலம் செலுத்தி அந்த ஜெல்லைக் கரைத்தார். இரண்டு வாரம் பொறுத்துக் கன்ன எலும்பின் மேல் கெட்டியான ஜெல்லை வைத்தார். கன்னம் தாங்கிக்கொள்ள, கண்ணடிப் பள்ளம் பாதிக்கு மேல் தானாகவே குறைந்தது. வயதாக ஆக முதலில் சரிவது பெரும்பாலும் கன்னத்துக் கொழுப்புதான் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், எனக்கு ஒரு செலவு மிஞ்சியிருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் கன்னத்துக்கென்றே அனுமதித்த ஜுவெடெர்ம் வோலூமா இப்படிப்பட்ட கெட்டி ரகம். பலருக்கு இரண்டு ஆண்டு வரை நிற்கிறது.

உதடு ஓயாமல் அசைவதால் அதற்கு வளைந்துகொடுக்கும் ஜெல் வேண்டும். அது சீக்கிரமே கரைந்துவிடும், பெரும்பாலும் ஓராண்டுக்குள். வாயோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் தாதுப்பொருளால் ஆன ரேடியெஸ் போன்ற ஃபில்லர்களை உதட்டிலோ கண்ணுக்குக் கீழோ போட ஒப்புக்கொள்ளாதீர்கள்: கட்டி தட்டினால், அதைக் கரைக்க நொதி கிடையாது. முதல்முறை போட்டுக்கொள்பவர் கரைக்கக்கூடிய ரகத்தையே கேட்பது நல்லது என்பது என் கருத்து.

மூக்கும் புருவங்களின் நடுவும் எனக்கு அச்சமூட்டும் இடங்கள். மருத்துவர் வற்புறுத்தினாலும் நான் போட்டுக்கொள்ள மாட்டேன். அங்குள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு இணைந்திருப்பதால், ஜெல் குழாய்க்குள் புகுந்துவிட்டால் பார்வையே பறிபோகலாம். ஊசி போட்ட இடம் எதுவானாலும், தோல் திடீரென வெளுத்தாலோ, தாங்க முடியாத வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதனால்தான் இப்போதெல்லாம் எந்த மருத்துவமனையிலும் விலையைக் கேட்பதற்கு முன், ஹையலூரானிடேஸ் அங்கேயே கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்கிறேன். "தேவைப்பட்டால் வரவழைப்போம்" என்ற பதில் வந்த ஓரிடத்திலிருந்து எழுந்து வந்தும்விட்டேன்.