பழைய அமெரிக்க பென்னிகளின் நிலையையும் மதிப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

டப்பா நிறைய லிங்கன் தலை போட்ட பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு இருக்கிறது, தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளியோ பாலிஷோ பட்ட காசில் மெல்லிய கீறல்கள் விழும். சேகரிப்பவர்கள் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். இரு ஓரமும் கோதுமைக் கதிர் இருந்தால் அது 1909 முதல் 1958 வரை அடித்த காசு. லென்ஸ் வைத்துக் கதிரின் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல நிலை. மழுங்கி ஒன்றாகியிருந்தால் நிறையப் புழங்கியது. முன்பக்கத்தில் லிங்கனின் கன்ன எலும்பும் தாடையும்தான் முதலில் தேயும். புழங்காத காசில் பழைய செம்பின் சிவப்பு மிச்சமிருந்தால் மதிப்பு கூடும்.

அடுத்து ஆண்டும், அதன் கீழுள்ள எழுத்தும். அது காசு அடித்த நாணயச்சாலையைச் சொல்லும்: டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. அந்தக் காலப் பிலடெல்பியா காசில் எழுத்து இருக்காது. 1909 எஸ், பின்பக்க அடியில் வடிவமைத்தவர் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி.யோடு, 4,84,000 மட்டுமே அடித்தது. 1914 டி, 1931 எஸ் இரண்டும் தேடப்படுபவை.

1943 காசு செம்பு நிறத்தில் கிடைத்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில்தான் அடித்தார்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் அபூர்வச் செம்புக் காசு என்று அவசரப்பட வேண்டாம், 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்குவதுண்டு. நிபுணரிடம் காட்டுங்கள்.

தேய்ந்த சாதாரணக் கதிர்க் காசுக்குச் சில சென்ட்தான் கிடைக்கும்.