மெட்டும் பாட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பாடல் மெட்டான 'கூம் ரொந்தா'வை அமைத்த ஜான் ஹியூஸும், 'காலன் லான்' என்ற வேல்ஷ் பாட்டுக்கு இசையமைத்த ஜான் ஹியூஸும் ஒருவர்தானா?

பதில்: இல்லை. வேல்ஸில் அந்தப் பெயர் தெருவுக்கு இரண்டு. 'காலன் லான்'காரர் ஸ்வான்சீயைச் சேர்ந்தவர் (1872–1914). 'கூம் ரொந்தா'காரர் 1873-ல் டௌலைஸில் பிறந்து, லான்ட்விட் ஃபார்டரில் வளர்ந்தார். 12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் கதவு திறந்து மூடும் பையன். பின்னாளில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் குமாஸ்தா. இசை அவருக்குச் சோறு போடவில்லை. ஊரிலிருந்த சாலேம் பாப்டிஸ்ட் சேப்பலில் அப்பாவுக்குப் பின் 'கோடுர் கானி' ஆனார். அதாவது, சபைக்குப் பாட்டை எடுத்துக்கொடுப்பவர். 1907-ல் பொன்டிப்ரீத் அருகே கேப்பல் ரொந்தா என்ற சேப்பலில் ஆர்கன் தொடக்க விழாவுக்கு இந்த மெட்டு. இறந்தது 1932-ல்.

கேள்வி: இந்த மெட்டில் வேறு பாட்டுகளைப் பாடலாமா?

பதில்: பாடலாம். வேல்ஷ்காரர்களே இதில் வேல்ஷ் பக்திக் கவிஞர் ஆன் கிரிஃபித்ஸின் வரிகளைத்தான் அதிகம் பாடுகிறார்கள். அடிக்கு எத்தனை சிலபிள் என்ற கணக்கு 8.7.8.7.4.7. இது நம் நேரசை-நிரையசைக் கணக்கு அல்ல. வாயில் விழும் சிலபிள். 'அம்மா' என்றால் இரண்டு. 4 சிலபிள் அடியை இரு முறை பாட வேண்டும், கடைசி 7-ஐயும் இரு முறை. உங்கள் பாட்டு 8.7.8.7.8.7 என்றால் ஐந்தாம் அடியை மடக்க (திரும்பப் பாட) வேண்டாம். கணக்கு பொருந்தியும் சில பாட்டுகள் நொண்டும். அழுத்தம் முதல் சிலபிளில் விழாததுதான் காரணம்.

கேள்வி: இந்த மெட்டின் முடிவுக்கு முன்னால் எங்கள் குழு ஒவ்வொரு முறையும் சரிகிறது. ஏன்?

பதில்: அங்கே சோப்ரானோ (மேல்குரல்) ஒரே சுரத்தில் நிற்க, கீழ்க்குரல்கள் கடைசி மூன்று சிலபிளைத் திரும்பச் சொல்லி மேலேறும். ஏறும் கார்டு (சுரக்கூட்டு) சோ, டீ, ரே, ஃபா. நம் கணக்கில் ப, நி, ரி, ம. சோப்ரானோ மூச்சு தீர்ந்து முன்னதாகவே விட்டுவிட்டால் அந்த ஏற்றம் அந்தரத்தில் தொங்கும். பேஸ் (அடிக்குரல்) தாமதித்தால் அடுத்த அடி மேலே வந்து மோதும்.

முதலில் பேஸை மட்டும் நான்கு சுரத்தையும் மெதுவாகப் பாட வையுங்கள்; பிறகு சோப்ரானோவின் நீள்சுரத்தைச் சேருங்கள். சோப்ரானோ அந்த அடி தொடங்கும் முன்பே முழு மூச்சு எடுக்க வேண்டும், நடுவில் கூடாது. அங்கே வேகத்தைக் குறைக்கவும் கூடாது. குறைத்தே ஆகவேண்டும் என்றால் கடைசி மடக்கில் குறையுங்கள். தொண்டை இறுகினால் சுருதியை ஏ ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். அரைச் சுரம்தான், ஆனால் நான்காம் சரணத்தில் தெரியும்.